சுழலும் றொட்டைச் சுற்றிக் கூடு வேண்டுமா, ஆட்களின் கவனம் போதுமா?

நிலத்தடி (இழையைத் தொடங்கியவர்):

வணக்கம். கொழும்பில் ஒரு கனிய ஆய்வுக் குழுவில் புவிச்சரிதவியலாளராக வேலை செய்கிறேன். காரீய (கிராபைட்) நரம்புகளைத் தேடி வைரமுனைத் துளையிடல் தொடங்கவிருக்கிறோம். ஒப்பந்தக்காரரின் ரிக் (துளையிடும் இயந்திரம்) இப்போது பேலியகொடையில் ஒரு முற்றத்தில் நிற்கிறது. போய்ப் பார்த்தேன். ஹைட்ரோலிக் குழாய்கள் புதியவை, கம்பி வடம் புதியது, சேற்றுப் பம்பின் பெல்டுக்குக்கூட மூடி இருக்கிறது. ஆனால் சுழற்சித் தலைக்கும் (றொட்டைப் பிடித்துச் சுழற்றும் பகுதி) அடியில் உள்ள கிளாம்புக்கும் இடையில் றொட் (துளைக்குள் இறங்கும் எஃகுக் குழாய்) திறந்தபடி இருக்கிறது. ஆள் கை படாதபடி றொட்டைச் சுற்றி மூடும் காப்புக் கூடு பொருத்துவதற்கான போல்ட் துளைகள் ரிக்கின் கம்பத்தில் இருக்கின்றன. அவற்றின் மேல் மஞ்சள் பெயின்ட் பூசி மூடியிருக்கிறார்கள். கூடு எங்கே என்று கேட்டதற்கு, "றொட் மாற்றும்போது இடைஞ்சல் சேர், கழற்றிவிட்டோம். எங்கள் பையன்கள் கவனமானவர்கள்" என்றார் முற்றத்துப் பொறுப்பாளர்.

கூடு இல்லாமல் இந்த ரிக் தளத்துக்குப் போகக்கூடாது என்பது என் நிலைப்பாடு. என் அலுவலகத்திலோ, "பயிற்சி கொடுத்தால் போதும், ஒப்பந்தக்காரரோடு ஏன் முட்டிக்கொள்கிறாய்?" என்கிறார்கள். ரிக்கில் நின்றவர்களும் இயந்திரப் பாதுகாப்பு தெரிந்தவர்களும் சொல்லுங்கள். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது, கொழும்பிலேயே செய்விக்க முடியுமா?

பழைய டிரில்லர்:

தம்பி, புல்மோட்டை மணலிலும் துளைத்திருக்கிறேன், மலைநாட்டுப் பாறையிலும் துளைத்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் பெயின்ட் பூசிய துளைகளைப் பல ரிக்குகளில் பார்த்திருக்கிறேன். கூட்டைக் கழற்றுகிறவன் எல்லாம் உயிரைப் பற்றிக் கவலைப்படாதவன் என்று நினைத்துவிட வேண்டாம். தொழிற்சாலையிலிருந்து வரும் கூடுகளில் பாதி, ரிக்கில் ஒரு நாளும் நின்றிராதவர் வரைந்தவை. கதவு கனமாக இருக்கும். கொஞ்ச நாளில் பிணையலில் சேறு இறுகித் திறக்காது. திறந்தால் பைப் ரென்ச் பிடிக்கக் கை நுழையாது. மூடினால் றொட்டின் மரை சரியாக ஏறுகிறதா என்று டிரில்லருக்குத் தெரியாது.

கணக்குப் பாருங்கள். றொட் ஒன்று 3 மீற்றர். 150 மீற்றர் ஆழமான துளைக்கு 50 றொட். ஒவ்வொரு 3 மீற்றருக்கும் சுழற்சியை நிறுத்தி, தண்ணீர்ச் சுவிவலை (சுழலும் றொட்டுக்குள் தண்ணீர் விடும் இணைப்பு) கழற்றி, உட்குழாயைக் கம்பி வடத்தால் மேலே இழுத்து, அதற்குள் இருக்கும் பாறை மாதிரியை எடுத்து, திரும்ப இறக்கி, புது றொட் பூட்ட வேண்டும். வைரமுனை தேய்ந்தால் அத்தனை றொட்டையும் வெளியே எடுத்துத் திரும்ப இறக்க வேண்டும். அத்தனை தடவையும் கதவு. மழை பெய்கிறது, கையில் கிரீஸ், இரவு முறை (ஷிப்ட்). நல்ல டிரில்லரும் நல்ல உதவியாளரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து வேலை செய்தால் விபத்து வராது என்பது என் அனுபவம். கூடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தக் கூடு என்பதுதான் கேள்வி.

மலர்:

ஐயா சொல்லும் வடிவமைப்புக் குறை முழுக்க உண்மை. ஆனால் "கண்ணைப் பார்த்து வேலை செய்தால் வராது" என்பதை ஏற்க மாட்டேன். நான் இயந்திரப் பொறியியலாளர், தொழிற்சாலைகளில் இயந்திரக் காப்பு என் அன்றாட வேலை. என்.கியூ என்ற அளவு றொட்டை எடுத்துக்கொள்வோம். வெளி விட்டம் 69.9 மில்லிமீற்றர், சுற்றளவு ஏறத்தாழ 220 மில்லிமீற்றர். நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் செக்கனுக்கு 10 சுற்று. அதாவது துணி ஒன்று பற்றிக்கொண்டால் செக்கனுக்கு 2.2 மீற்றர் நீளம் றொட்டில் சுருண்டுவிடும். சட்டைக் கையின் நீளம் மணிக்கட்டிலிருந்து தோள் வரை 60 சென்ரிமீற்றர் என்று வைத்தால், அது முழுவதும் சுருள ஒரு செக்கனில் மூன்றில் ஒரு பங்குகூட வேண்டாம். துணி பிடிபட்டதை மூளை உணர்ந்து கை அசையத் தொடங்குவதற்கே ஏறத்தாழ கால் செக்கன் போய்விடும். அதைவிடப் பெரிய எச்.கியூ அளவு றொட் என்றால் விட்டம் 88.9 மில்லிமீற்றர், சுருளும் வேகம் இன்னும் கூடும். வைரமுனைத் துளையிடலில் 600 ஒன்றும் பெரிய வேகமல்ல, அதற்கு மேலும் ஓட்டுகிறார்கள்.

"றொட் வழவழப்பானதுதானே, எதைப் பற்றும்?" என்று கேட்பார்கள். அதில் படிந்த சேறும் கிரீஸுமே போதும். நனைந்த துணி முதல் சுற்றில் ஒட்டும், இரண்டாவது சுற்றில் தன்மேலேயே ஏறி இறுகும். அதன்பின் அது கயிறு.

எதிரே டிரில்லர் நிற்கிறார், சிவப்புப் பொத்தானை அழுத்துவார் என்ற நம்பிக்கையும் அப்படித்தான். அவசர நிறுத்தப் பொத்தான் கட்டாயம் இருக்க வேண்டும். டிரில்லருக்கு ஒன்று, உதவியாளர் நிற்கும் பக்கத்தில் ஒன்று. ஆனால் அது நடந்த பிறகு பாதிப்பைக் குறைப்பதற்கு. பிடிபட்டவருக்கு அதை அழுத்தக் கை இருக்காது.

நிலத்தடி அண்ணா, உங்கள் அலுவலகத்துக்கு இதைச் சொல்லுங்கள். பிரித்தானியாவின் 1998ஆம் ஆண்டு வேலை உபகரண விதிகளில் 11ஆவது விதி ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில் நிலையான காப்பு, அது இயலாத இடத்தில் மற்றக் காப்புகள், அதுவும் இயலாத இடத்தில் தள்ளுகோல் போன்ற துணைக்கருவிகள். தகவலும் பயிற்சியும் மேற்பார்வையும் கடைசியில்தான் வருகின்றன. உங்கள் அலுவலகம் கடைசிப் படியில் தொடங்கப் பார்க்கிறது. துளையிடும் இயந்திரங்களுக்கென்றே 2014இல் வந்த ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 16228, பழைய ஈஎன் 791க்குப் பதிலாக வந்தது. சுழலும் துளைக்கோலை ஆள் அணுக முடியாதபடி தடுப்பதும், காப்பைத் திறந்தால் ஆபத்தான அசைவு நிற்பதும் அதில் அடிப்படைத் தேவைகள்.

ஆமர் வீதி ரவி:

இந்த இழையை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என் அண்ணன் ஒரு துளையிடும் தளத்தில் உதவியாளராக இருந்தார். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். மழைக்கு நிறுவனமே கொடுத்த பிளாஸ்டிக் அங்கி. இடுப்பில் கட்டும் நாடா அவிழ்ந்து தொங்கியிருக்கிறது. றொட்டில் வழிந்த சேற்றைத் துணியால் துடைக்கக் குனிந்தார். அப்படித் துடைப்பது அங்கே வழக்கம், மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டுதான் நின்றார். வலது கை முழங்கைக்கு மேலே போய்விட்டது. டிரில்லர் அவருடைய நெருங்கிய நண்பர், அந்த நேரத்தில் அவரைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். நிறுத்தினார். நிறுத்திய பிறகும் றொட் சுற்றியது.

அறிக்கையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? "ஊழியரின் கவனக்குறைவு." கழற்றி வைத்த கூடு கொள்கலனுக்குப் பின்னால் கிடந்தது, அதன்மேல் சீமெந்துப் பைகளை அடுக்கியிருந்தார்கள். அதைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி இல்லை. பழைய டிரில்லர் ஐயா, உங்களை மதிக்கிறேன். ஆனால் கவனம் போதும் என்று நாம் சொல்லும் ஒவ்வொரு முறையும், நாளை விபத்து நடந்தால் பழியை யார்மேல் போடுவது என்று இன்றைக்கே எழுதிக் கொடுக்கிறோம்.

பழைய டிரில்லர்:

ரவி தம்பி, படித்தேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. உங்கள் அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அப்படியானால் யாரும் வெளிப்படையாகப் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். ஆய்வு நிறுவனம் ஒப்பந்தக்காரருக்கு மீற்றர் கணக்கில் பணம் கொடுக்கிறது. ஒப்பந்தக்காரர் குழுவுக்கு மீற்றர் கணக்கில் ஊக்கத்தொகை கொடுக்கிறார். சம்பளம் சிறிது, ஊக்கத்தொகைதான் வீட்டுக்குப் போகும் காசு. றொட் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் உதவியாளரின் பையிலிருந்து போகிறது. அப்புறம் ஏன் ஓடும் றொட்டைத் துடைக்கிறான், ஏன் கதவைக் கம்பியால் கட்டித் திறந்து வைக்கிறான் என்று கேட்டால் என்ன பதில்? நிலத்தடி தம்பி, கூட்டைக் கேட்கும்போதே பணம் கொடுக்கும் முறையையும் கேளுங்கள். உங்கள் அலுவலகம்தானே அந்த ஒப்பந்தத்தை எழுதுகிறது?

நிலத்தடி:

ஆம், எங்கள் அலுவலகம்தான். இதை நான் இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை, நன்றி ஐயா. கதவைத் திறந்து மூட ஒரு தடவைக்கு 15 செக்கன் என்று வைத்துக்கொண்டால், உங்கள் 150 மீற்றர் துளைக்கு 100 தடவை திறந்தாலும் 25 நிமிடம். பல நாள் எடுக்கும் ஒரு துளைக்கு 25 நிமிடம்! இந்த நேரத்தை, ரிக் துளைக்காமல் நிற்கும் நேரக் கட்டணத்தில் சேர்த்துக் கொடுக்க முடியாது என்று எந்த நிதிப் பிரிவும் சொல்ல முடியாது.

லேத் பாஸ், பஞ்சிகாவத்தை:

செய்யலாம். தாராளமாகச் செய்யலாம். ரிக் ஹைட்ரோலிக்கா, அல்லது டீசல் எஞ்சினிலிருந்து கிளச்சும் கியர் பெட்டியும் வழியாகச் சுழலும் பழைய வகையா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

ஹைட்ரோலிக் என்றால் என் யோசனை இது. கம்பத்தில் ஏற்கெனவே துளை இருக்கிறது என்றீர்கள், பெயின்ட்டைச் சுரண்டி மரை நல்லதா என்று பாருங்கள். 25 மில்லிமீற்றர் ஆங்கிள் இரும்பில் சட்டம், இரண்டு பாதிக் கதவுகள், நடுவில் திறக்கும். வலை பழைய சோனகத் தெருவில் எந்த அளவிலும் கிடைக்கும். பிணையலுக்குக் கிரீஸ் நிப்பிள் வையுங்கள், சேறு இறுகும் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். டிரில்லர் பார்க்கும் உயரத்தில் மட்டும் பொலிகார்பனேட் தகடு. சாதாரண அக்கிரிலிக் வேண்டாம், அது உடைந்து சில்லாகும். கதவு ஒன்றை ஒரு கையால் திறக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் கழற்றிவிடுவார்கள், பழைய டிரில்லர் அண்ணன் சொன்னது மெத்தச் சரி.

கதவில் ஒரு லிமிட் சுவிட்ச் (கதவு திறந்தால் மின்சாரத்தை அறுப்பது), அதிலிருந்து ஒரு சொலினொயிட் வால்வு (மின்சாரத்தால் இயங்குவது). சுழற்சி மோட்டரைக் கட்டுப்படுத்தும் பைலட் எண்ணெய் அழுத்தத்தை அந்த வால்வு தாங்கிக்கொண்டிருக்கும். கதவு திறந்தால் மின்சாரம் அறும், அழுத்தம் எண்ணெய்த் தாங்கிக்குத் திரும்பும், தலை நிற்கும். வயர் அறுந்தாலும், பற்றரி இறங்கினாலும் நிற்கும். இதைத் தலைகீழாகப் பூட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். மின்சாரம் வந்தால்தான் நிறுத்தும் என்று வயர் இழுத்து வைத்திருந்தார்கள். வயர் அறுந்த அன்று அந்தச் சுவிட்ச் ஒரு அலங்காரம்.

மலர்:

லேத் பாஸ் அண்ணா, அருமை. வலை விஷயத்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். எந்த அளவு வலையும் போடலாம் என்று விட்டுவிட முடியாது. ஐஎஸ்ஓ 13857 தரநிலையில் துளையின் அளவுக்கும் ஆபத்துள்ள பாகத்துக்கான தூரத்துக்கும் அட்டவணை இருக்கிறது. சதுரத் துளை 10 முதல் 12 மில்லிமீற்றர் என்றால் வலைக்கும் றொட்டுக்கும் இடையில் 80 மில்லிமீற்றராவது வேண்டும். 12க்கு மேல் 30 வரை 120 மில்லிமீற்றர். அதே 20 முதல் 30 அகலம் நீள்பிளவாக இருந்தால் தேவை 850 மில்லிமீற்றருக்குப் போய்விடும், ஏனென்றால் அதற்குள் முழுக் கையும் போகும். வெட்டி இழுத்துச் செய்யும் வைர வடிவ வலையின் கண் நீளமானது, அதைச் சதுரக் கணக்கில் எடுக்காதீர்கள். பற்றவைத்த சதுர வலை, கண் 12 மில்லிமீற்றருக்குள், றொட்டிலிருந்து 80க்குக் குறையாமல். ஆள் சாய்ந்தால் வலை உள்ளே வளையும், அந்த வளைவையும் கழித்துத்தான் 80.

உயரமும் முக்கியம். சுழற்சித் தலை மேலே ஏறியிருக்கும்போது கீழே நீண்ட றொட் திறந்திருக்கும். கூடு இடுப்பளவோடு நின்றால் பயனில்லை. கூட்டுக்கு மேலே காப்பில்லாத பகுதி, ஆள் நிற்கும் தளத்திலிருந்து 2.7 மீற்றருக்கு மேல் இருக்க வேண்டும்.

பழைய டிரில்லர்:

சுழற்சித் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் றொட்டும் சுழலும், அதை மறந்துவிடாதீர்கள். வளைந்த றொட் ஒன்று மேலே நீட்டிக்கொண்டு வேகமாகச் சுழன்றால் சாட்டை மாதிரி அடிக்கும். அதோடு தண்ணீர்ச் சுவிவல். அதன் பெயாரிங் இறுகினால் சுவிவலும் றொட்டோடு சேர்ந்து சுற்றும், அதில் பூட்டிய தண்ணீர்க் குழாய் கம்பத்தைச் சுற்றி வீசும். சுவிவல் உடலிலிருந்து கம்பத்துக்கு ஒரு பாதுகாப்புச் சங்கிலி கட்டாயம். ஒவ்வொரு வேலை முறையின் தொடக்கத்திலும் சுவிவலைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

இன்னொன்று. துளைக்குள் றொட் இறுகிக்கொண்டால் மேலே இருந்து முறுக்கிக்கொண்டே போவோம். அப்போது நூறு மீற்றர் இரும்பும் முறுக்கேறி நிற்கிறது. எஞ்சினை நிறுத்தினாலும் அந்த முறுக்கு உள்ளேதான் இருக்கும். அந்த நேரத்தில் பைப் ரென்சைப் போட்டால், முறுக்கு அவிழும்போது ரென்ச் ஒரு மனிதனைத் தூக்கி எறியும். முதலில் முறுக்கை மெதுவாக, ஹைட்ரோலிக் கட்டுப்பாட்டில் இறக்க வேண்டும். ரென்ச் றொட்டில் இருக்கும்போது சுழற்சி லீவரை யாரும் தொடக்கூடாது. "கொஞ்சம் மட்டும் சுற்று, மரை கழன்றுவிடும்" என்று சொல்லும் குரலை இத்தனை வருடத்தில் எத்தனை தளங்களில் கேட்டிருக்கிறேன்! மரை கழற்ற ஹைட்ரோலிக் பிரேக்கர் இருக்கிற ரிக்கை வாடகைக்கு எடுங்கள். ரென்சே வேண்டாம்.

வெள்ளவத்தை வாசி:

கனிய ஆய்வு பற்றித் தெரியாது. ஆனால் எங்கள் ஒழுங்கையில் அடுக்குமாடி கட்ட மண் பரிசோதனைக்கு முக்காலி வைத்துத் துளைக்கிறார்கள். சுற்றும் ஒரு இரும்பு உருளையில் கயிற்றைச் சுற்றி, ஒருவர் இழுத்து இழுத்து ஒரு சம்மட்டியைத் தூக்கிப் போடுகிறார். பள்ளிப் பிள்ளைகள் பக்கத்தால் நடந்து போகிறார்கள். இது சரியா?

மலர்:

நீங்கள் பார்த்தது நிலத்தின் இறுக்கத்தை அளக்கும் நியமச் சோதனை. சம்மட்டி 63.5 கிலோ, 760 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து விழ வேண்டும். கயிறும் உருளையும் கொண்ட அந்த முறை இன்றும் பல இடங்களில் இருக்கிறது, கொழும்பில் தாராளமாக இருக்கிறது. ஆபத்து எங்கே என்றால், உருளையில் சுற்றிய கயிறு ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டால் தானாகவே இறுகி இழுக்கத் தொடங்கும். இழுப்பவர் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தால் கை உருளைக்குப் போகும். கயிறு ஈரமாகவோ பிசிறாகவோ இருந்தால் இன்னும் மோசம். தானாகத் தூக்கி விடுவிக்கும் சம்மட்டிகள் இருக்கின்றன, அவற்றில் கயிறும் இல்லை, உருளையும் இல்லை, சோதனையின் முடிவும் சீராக வரும். சிறிய வேலை என்பதால் யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள். குறைந்தது முக்காலியின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளிச் சுற்றிலும் தடுப்பு போடச் சொல்லுங்கள். நகரத்தின் நடுவே, வீதி ஓரத்தில் நடக்கும் இந்த வேலையைப் பற்றித் தனி இழையே தொடங்கலாம்.

தொழிற்சட்டம்:

இலங்கைச் சட்டம் பற்றி யாரும் எழுதவில்லை, எனவே சுருக்கமாக. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இயந்திரங்களின் ஆபத்தான பாகங்களுக்கு உறுதியான தடுப்பு இட வேண்டும் என்கிறது. தடுப்பு இல்லாமலே அதே அளவு பாதுகாப்பான இடத்திலோ அமைப்பிலோ பாகம் இருந்தால் மட்டும் விலக்கு. ஆள் பக்கத்தில் நின்று வேலை செய்யும் றொட்டுக்கு அந்த விலக்கைக் கேட்க எவருக்கும் வாயில்லை. மலைச்சரிவில் தனியாக நிற்கும் ரிக் அந்தச் சட்டத்தின்படி தொழிற்சாலையா என்று வழக்கறிஞர்கள் வாதாடுவார்கள், அதுவரை காத்திருக்க வேண்டாம். ஆய்வு உரிமம் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின் கீழ், புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்திலிருந்து உங்கள் நிறுவனத்தின் பெயருக்கு வருகிறது. ஒப்பந்தக்காரரின் பெயருக்கு அல்ல. இதை உங்கள் பணிப்பாளருக்கு நினைவுபடுத்துங்கள்.

ரவிக்கு: 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையின்போது, வேலையின் காரணமாக ஏற்பட்ட காயத்துக்கு நட்டஈடு தருகிறது. கை இழப்பு அதன் அட்டவணையில் இருக்கிறது. அறிக்கையில் கவனக்குறைவு என்று எழுதிவிட்டதால் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்தில் கேளுங்கள். கூடு கிடந்த இடத்தின் படம் ஏதாவது இருந்தால், சக ஊழியர் யாராவது எழுத்தில் சொல்லத் தயாராக இருந்தால், அதை இப்போதே பத்திரப்படுத்துங்கள்.

ஆமர் வீதி ரவி:

மிக்க நன்றி ஐயா. படம் இருக்கிறது. அண்ணனின் நண்பர், அந்த டிரில்லர், எழுதிக் கொடுக்கத் தயார் என்று சொல்லியிருக்கிறார். இந்த வாரமே போகிறோம்.

விபத்துப் பிரிவுத் தாதி:

நான் கொழும்பில் ஒரு வைத்தியசாலையில் விபத்துப் பிரிவில் இருக்கிறேன். தளத்தில் இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கை கால் துண்டானால் முதலில் இரத்தத்தை நிறுத்துங்கள். அழுத்திப் பிடித்தும் நிற்காவிட்டால் காயத்துக்கு மேலே இறுக்கக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். துண்டான பாகத்தைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். ஐஸில் நேரடியாகப் போட்டுக்கொண்டு வருகிறார்கள், தசை கருகிவிடுகிறது. 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

ஹைட்ரோலிக் எண்ணெய் பற்றியும் சொல்ல வேண்டும். குழாயில் ஊசித் துளை விழுந்து எண்ணெய் பீறிடும்போது விரலால் தடவித் தேடுகிறார்கள். எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளி மட்டும் தெரியும், வலியும் முதலில் குறைவு. "ஒன்றுமில்லை, நாளைக்குப் பார்க்கலாம்" என்பார்கள். மறுநாள் விரல் கறுத்திருக்கும். அது அவசர சத்திரசிகிச்சை தேவைப்படும் காயம். வரும்போது "உயர் அழுத்த எண்ணெய் உள்ளே போனது" என்று வைத்தியரிடம் தெளிவாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வெறும் குத்துக்காயம் என்று மருந்து கட்டி அனுப்பிவிடலாம். கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டைப் பயன்படுத்துங்கள்.

உடை பற்றியும்: கையுறை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை நாடா, தொளதொளத்த மழையங்கி, பக்கம் கட்டாத பிரதிபலிப்பு அங்கி. இவை பாதுகாப்புக்கு என்று கொடுக்கப்பட்டவை, ஆனால் சுழலும் பாகத்துக்குப் பக்கத்தில் இவையே இழுத்துச் செல்லும். இழுத்தால் பிரிந்துவிடும் அங்கிகள் கிடைக்கின்றன.

மட்டுறுத்துநர்:

தாதி அவர்களின் பதிவை இழையின் மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். காயங்களின் படங்களைத் தயவுசெய்து யாரும் பதிவேற்ற வேண்டாம்.

நிலத்தடி:

பேலியகொடைக்குத் திரும்பப் போனேன். ரிக் ஹைட்ரோலிக். லேத் பாஸ் சொன்னபடி பெயின்ட்டைச் சுரண்டினோம், மரைகள் நல்ல நிலையில் இருக்கின்றன. மலர் கேட்கக்கூடும் என்று நிறுத்தத்தையும் சோதித்தோம். முழு வேகத்தில் ஓடும்போது அவசரப் பொத்தானை அழுத்தினால் தலை முழுதாக நிற்க ஒரு செக்கனுக்கு மேல் எடுக்கிறது. கைபேசியில் ஒளிப்பதிவு செய்து பார்த்தேன்.

ஒப்பந்தக்காரரிடம் பழைய டிரில்லர் ஐயாவின் வாதத்தை வைத்தேன். முதலில் முகம் சுளித்தார். நிற்கும் நேரத்துக்கு மணிக்கணக்கில் கட்டணம் தருவோம், குழுவின் ஊக்கத்தொகையில் பாதியை மீற்றரிலிருந்து பிரித்து, கூடு மூடிய நிலையில் முடித்த வேலை முறைகளுக்கு (ஷிப்ட்) தருவோம் என்றதும் கேட்கத் தொடங்கினார். கூட்டின் செலவை இரு தரப்பும் பகிர்வதாகப் பேச்சு. ஆனால் "சுவிட்ச் வேண்டாம், கூடு மட்டும் போதும்" என்கிறார்.

மலர்:

சுவிட்சை விட்டுக்கொடுக்காதீர்கள் அண்ணா. நாளுக்கு இத்தனை தடவை திறக்கும் கதவு, சுவிட்ச் இல்லாமல் ஒரு வாரத்துக்குள் கம்பியால் கட்டித் திறந்தபடி நிற்கும். ஒரு செக்கனுக்கு மேல் என்று நீங்கள் அளந்தது இன்னொரு விஷயத்தையும் சொல்கிறது. மனிதன் எட்டி வரும் வேகத்தைக் கணக்குகளில் செக்கனுக்கு 1.6 மீற்றர் என்று எடுப்பார்கள். உங்கள் தலை நிற்பதற்குள் ஒருவர் ஒன்றரை மீற்றருக்கு மேல் வந்துவிடலாம். கூடோ றொட்டிலிருந்து ஒரு சாண் தூரத்தில். எனவே திறந்தவுடன் நிற்கும் சுவிட்ச் மட்டும் போதாது, நின்ற பிறகே கதவு திறக்க வேண்டும்.

சுவிட்சின் வகையும் முக்கியம். சாதாரணக் காந்தச் சுவிட்சை ஒரு காந்தத் துண்டை ஒட்டி ஏமாற்றிவிடுவார்கள். குறியீடு பொருந்திய ஜோடியாக வரும் சுவிட்சை வாங்குங்கள். இன்னொன்றும் செய்யுங்கள்: கூடு திறந்திருக்கும்போதும் மரை பூட்ட மிக மெதுவான சுழற்சி தேவைப்படும். அதற்கு விரலை எடுத்தவுடன் நிற்கும் தனி லீவர், தனிக் குறைவேகம் வையுங்கள். அந்த வழியைக் கொடுக்காவிட்டால் ஆட்கள் சுவிட்சை ஏமாற்றும் வழியைத் தாங்களே கண்டுபிடிப்பார்கள். ஏமாற்றுவதற்கான காரணத்தை முதலில் ஒழிக்கச் சொல்லி ஐஎஸ்ஓ 14119 தரநிலையே கேட்கிறது.

லேத் பாஸ், பஞ்சிகாவத்தை:

நின்ற பிறகே திறப்பதற்கு விலை உயர்ந்த மின்பூட்டு வேண்டாம். கதவைப் பிடிக்க ஒரு நீளமான மரைப் போல்ட் போடுவோம், கழன்று விழாதபடி கதவோடு சேர்ந்தது. முதல் சுற்றுக் கழற்றும்போதே சுவிட்சில் மின்சாரம் அறுந்து தலை நிற்கத் தொடங்கும். போல்ட் முழுதும் கழன்று கதவு திறக்க நான்கைந்து செக்கன் ஆகும். அதற்குள் றொட் நின்றுவிடும். மின்னணு எதுவும் இல்லை, சேற்றுக்கும் தாங்கும்.

பழைய டிரில்லர்:

இது நல்ல யோசனை. ஆனால் போல்ட்டின் தலை பெரியதாக இருக்கட்டும், கிரீஸ் படிந்த கையால் சாவி இல்லாமல் திருக முடிய வேண்டும். சாவி தேட வேண்டியிருந்தால் அந்தக் கதவு இனி மூடப்படாது. பராமரிப்புக்குப் போகும்போது எஞ்சினை நிறுத்தி, பிரதான சுவிட்சில் பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்கிறவன் தன் பையில் வைத்திருக்க வேண்டும். மேற்பார்வையாளரின் பையில் அல்ல. அறிவுறுத்தல் பலகையைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ரிக்கிலேயே ஒட்டுங்கள். வந்த கையேடு ஆங்கிலத்தில் இருக்கும், கொள்கலனுக்குள் பூட்டியும் இருக்கும்.

நிலத்தடி:

மரைப் போல்ட் யோசனையை ஒப்பந்தக்காரர் ஏற்றுக்கொண்டார், சுவிட்சோடு சேர்த்து. குறைவேக லீவருக்கு அவருடைய மெக்கானிக் சம்மதித்திருக்கிறார். ஒப்பந்தத்தில் நான் எழுதிய வரி: "காப்புக் கூடு, அதன் சுவிட்ச், சுவிவல் சங்கிலி, இரு அவசரப் பொத்தான்கள் ஆகியவற்றில் ஏதேனும் செயலிழந்தால் துளையிடல் நிறுத்தப்படும், நிறுத்தும் அதிகாரம் குழுவில் உள்ள எவருக்கும் உண்டு, அந்த நேரத்துக்கு ஊழியரின் கொடுப்பனவு குறைக்கப்படாது." தொழிற்சட்டம் ஐயா, இதில் ஓட்டை ஏதும் இருக்கிறதா?

தொழிற்சட்டம்:

"எவருக்கும்" என்பதற்குப் பின் "நாட்கூலி உதவியாளர் உட்பட" என்று சேருங்கள். நிறுத்தியதற்காக எவரையும் வேலையிலிருந்து நீக்கவோ இடம் மாற்றவோ கூடாது என்று இன்னொரு வாக்கியம். மற்றபடி நன்று.

லேத் பாஸ், பஞ்சிகாவத்தை:

அளவு வேண்டும் தம்பி. தலை முழுதும் மேலே இருக்கும்போது சக்கின் (றொட்டைப் பிடிக்கும் பாகம்) அடியிலிருந்து கிளாம்பின் மேல் வரை ஒரு அளவு, தலை முழுதும் கீழே இருக்கும்போது ஒரு அளவு, கம்பத்தின் முகத்திலிருந்து றொட்டின் நடு வரை ஒரு அளவு. சக்கின் தாடை திறக்கும்போது வெளியே எவ்வளவு வருகிறது என்பதையும் எடுங்கள், இல்லாவிட்டால் கதவு அதில் இடிக்கும். றொட் எச்.கியூவா என்.கியூவா என்றும் சொல்லுங்கள், பெரியதுக்கே அளவு வைப்போம். சனிக்கிழமை காலை நானே பேலியகொடைக்கு வருகிறேன், முற்றத்தில் வெல்டிங்குக்கு மின்சாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வையுங்கள்.